ஜட்ஜய்யா வீட்டில் அடுத்த வீட்டு மூடி

அடுக்களையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. தூக்குவாளியின் மூடியைத் திருகித் திறக்கும் சத்தம். முன்னறையில் நகராட்சி ஃபைல் ஒன்றைப் படித்துக்கொண்டிருந்த பாக்கியசாமி தலையைத் தூக்கினார்.

"ஸ்டெல்லா, அது நம்ம வீட்டு மூடி இல்லையே."

அவர்கள் வீட்டுத் தூக்குவாளியின் மூடி லேசாகக் கழன்றுவரும். இது இறுக்கமாக முனகியது. அவருக்கு வீட்டிலுள்ள ஒவ்வொரு பாத்திரத்தின் குரலும் தெரியும். வெளிப் பாத்திரம் ஒன்று உள்ளே நுழைந்தால் கண்டுபிடிக்க வேண்டியது அவருடைய முப்பது வருஷ வேலையாக இருந்தது.

அவர் மனைவி ஸ்டெல்லாமேரி வாளியைக் கையில் பிடித்தபடி நிலைப்படிக்கு வந்தாள்.

"அக்தர் பானு கொண்டாந்தா. நோன்புக் கஞ்சி. சூடா இருக்கு."

"பள்ளிவாசல் தெரு அக்தர் பானுவா?"

"ஊருல எனக்கு எத்தன அக்தர் பானுவத் தெரியும்?"

"அவிய முதல் மனுதாரர்."

"மனுதாரர் இல்ல. பின்வீட்டுக்காரி."

"தீர்ப்ப ஒத்தி வச்சிருக்கேன். அது முடியுத வரைக்கும் அவிய வீட்டுப் பண்டம் இங்கன வரக் கூடாது."

"தெருக்குழாய்க்கு யாராவது தீர்ப்ப ஒத்தி வைப்பாங்களா?"

பாக்கியசாமி ஃபைலில் ஒரு தாளைப் புரட்டினார். ஸ்டெல்லாமேரி நகரவில்லை.

"கஞ்சி இருக்கட்டும். அவ ஒரு விசயம் சொல்லச் சொன்னா. அந்த வேப்பமரத்து மேட்டுல சுண்ணாம்புல அடையாளம் போட்டிருக்காங்களாம். அங்கன வந்து..."

பாக்கியசாமி வலது கையைத் தூக்கினார். உள்ளங்கை முழுதாகத் தெரியும்படி, தோள் உயரத்துக்கு. அந்த வீட்டில் அதற்கு ஒரே அர்த்தம்தான். வழக்கைப் பற்றி வீட்டில் பேச்சு இல்லை. கல்யாணமான புதிதில் அந்தக் கை முதன்முதலாக உயர்ந்தபோது அவள் அழுதாள். பிறகு பழகிவிட்டது.

அவள் வாயை மூடிக்கொண்டாள். வாளியையும் மூடினாள்.

பாக்கியசாமி பசுவந்தனைப் பக்கத்துக்காரர். அப்பாவுக்குக் கொஞ்சம் கரிசல் நிலம் இருந்தது. மழை பெய்தால் பருத்தி, பெய்யாவிட்டால் கடன். பங்குச் சாமியார் ஒருவர் தயவில் படித்து, சென்னையில் சட்டம் முடித்து, தூத்துக்குடியில் சில வருஷம் வக்கீலாக இருந்து, முன்சீப் ஆனார். கடைசியில் சப்-ஜட்ஜ். ஊர் மாற்றி ஊர், வீடு மாற்றி வீடு. எந்த ஊருக்குப் போனாலும் அவர் முதலில் பார்ப்பது வாசல் கதவு சரியாகச் சாத்துகிறதா என்பதை.

கல்யாண வீடுகளுக்கு அவர் போனதில்லை. சாவு வீட்டுக்குப் போவார், ஆனால் உட்கார மாட்டார். அடுத்த வீட்டிலிருந்து எது வந்தாலும் வந்தபடியே திரும்பிப் போகும். நம் பக்கத்தில் பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பித் தரக் கூடாது என்று ஒரு வழக்கம் உண்டு. குழம்பு வந்த கிண்ணத்தில் கொஞ்சம் சீனியாவது போட்டுத்தான் கொடுப்பார்கள். ஜட்ஜய்யா வீட்டுக்குப் போன கிண்ணம் வெறுமையாகத் திரும்பியதில்லை என்பது உண்மைதான். கொடுத்த குழம்பே திரும்பி வரும். அதைக் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை ஸ்டெல்லாமேரிக்கு. ஒரு தெருவில் ஒரு தடவை கொடுத்தால் போதும், அதற்குப் பிறகு அந்தத் தெருவில் யாரும் அவளிடம் பேச மாட்டார்கள். அவர்களுக்குப் பிள்ளைகளும் இல்லை. இப்படியே அவள் தலை நரைத்தது.

ஓய்வுபெற்றதும் ஊருக்குத் திரும்பினார்கள். கோவில்பட்டிக்குக் கிழக்கே உள்ள எங்கள் சின்ன நகராட்சியில், கரிசல் தரையில் வீடு கட்டினார். கரிசல் தன் குணத்தைக் காட்டியது. கோடையில் சுவர் வெடித்தது. மழையில் தரை உப்பி, வாசல் கதவு நிலையில் மாட்டிக்கொண்டது. ஆயுள் முழுவதும் கதவைச் சாத்தி வைத்த மனிதருக்கு, மழைக்காலத்தில் தோளைக் கொடுத்து முட்டினால்தான் சாத்துகிற கதவு வாய்த்தது.

முதல் மழையிலேயே பின்பக்கத்துச் சுற்றுச்சுவரில் ஒரு பாகம் சரிந்து விழுந்தது. விழுந்த இடத்துக்கு அந்தப் பக்கம் ஒரு பெண் கோழியைத் தேடிக்கொண்டு நின்றாள்.

"அக்கா, எங்க கோழி உங்க வீட்டுப் பக்கம் வந்துச்சா?"

அவள்தான் அக்தர் பானு. புருஷன் பிச்சை முகம்மது கடைவீதியில் சைக்கிள் கடை வைத்திருந்தார். ஸ்டெல்லாமேரி கோழியைப் பிடித்துக் கொடுத்தாள். மறுநாள் முட்டை வந்தது. பாக்கியசாமி முட்டையைப் பார்த்தார். ஓய்வுபெற்ற ஜட்ஜ் முட்டை வாங்கலாமா என்று கொஞ்ச நேரம் யோசித்தார். தடை எதுவும் நினைவுக்கு வரவில்லை. ஸ்டெல்லாமேரி அந்தக் கிண்ணத்தில் கடம்பூர் போளி இரண்டை வைத்துத் திருப்பிக் கொடுத்தாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் சரியாகத் திருப்பிக் கொடுத்த முதல் பாத்திரம் அது.

சுவரைக் கட்டக் கொத்தனாரைக் கூப்பிடச் சொன்னார். கொத்தனார் வெளியூர் போயிருப்பதாக அவள் சொன்னாள். அடுத்த வருஷமும் கொத்தனார் வெளியூரில்தான் இருந்தார்.

எண்பத்தாறில் நகராட்சித் தேர்தல் வந்தது. தலைவர் பதவிக்கு ஊரில் இரண்டு கோஷ்டி. ஒருவர் நின்றால் மற்றவர் ஆட்கள் வேலை செய்ய மாட்டார்கள். கடைசியில் வியாபாரிகள் சேர்ந்து பாக்கியசாமி வீட்டுக்கு வந்தார்கள். பருத்தித் தரகர் கிருஷ்ணராஜ்தான் பேசினார்.

"ஜட்ஜய்யா, உங்களுக்கு வேண்டியவிய இந்த ஊருல யாரு இருக்கா?"

"யாருமில்ல."

"வேண்டாதவிய?"

"அவியளும் இல்ல."

"அதான் வந்தோம்."

அவர் யோசிக்க வாய்தா கேட்டார். அன்று சாப்பிடும்போது ஸ்டெல்லாமேரிதான் பேச்சை எடுத்தாள்.

"தலைவர்னா வீட்டுக்கு ஆள் வருமில்லா?"

"வரும்."

"கதவத் தொறந்து வைக்கணுமில்லா?"

"வைக்கணும்."

"அப்ப நில்லுங்க."

நின்றார். தராசுச் சின்னம் கேட்டிருந்தால் கிடைத்திருக்கும். நீதியைக் காட்டி ஓட்டு வாங்கக் கூடாது என்று ஏணியை வாங்கிக்கொண்டார். ஓட்டுக் கேட்கப் போன வீடுகளில் தண்ணீர் கொடுத்தார்கள், வேண்டாம் என்றார். இந்த மண்ணில் தண்ணீரை மறுப்பது பெரிய அவமரியாதை. ஆனால் அந்த வருஷம் ஒரு குடம் தண்ணீருக்கு நாய் படாத பாடு. வீட்டுக்கு ஒரு செம்புத் தண்ணீர் மிச்சம் பிடித்துக் கொடுத்த வேட்பாளர் என்று பெண்கள் பேசிக்கொண்டார்கள். நல்ல வித்தியாசத்தில் ஜெயித்தார்.

தலைவர் அறைக்குப் போன முதல் வாரமே அது கோர்ட் ஆகிவிட்டது. மனுக் கொடுப்பவர் வாதி, எதிர்ப்பவர் பிரதிவாதி. பியூன் ஆறுமுகசாமி வராந்தாவில் நின்று பெயரை மூன்று தடவை கூவ வேண்டும். நாய்த் தொல்லைக்குச் சாட்சி விசாரணை நடந்தது. சாக்கடை அடைப்புக்கு வாய்தா போடப்பட்டது. ஊர் முதலில் சிரித்தது. பிறகு, மனுவைப் படித்துப் பார்க்கிற ஒரு தலைவர் வந்திருக்கிறார் என்று சிரிப்பை நிறுத்தியது.

கோடையில் அந்தக் குழாய் வழக்கு வந்தது. ஒரு பொதுக்குழாய்தான் போட முடியும். பள்ளிவாசல் தெருவுக்கா, அதை ஒட்டி மேலே ஏறும் ஆயில் மில் தெருவுக்கா? பள்ளிவாசல் தெருப் பெண்களின் மனுவில் முதல் கையெழுத்து அக்தர் பானு. ஆயில் மில் தெருவுக்கு முன்னால் நின்றவள் ராமலட்சுமி. தீப்பெட்டி ஆபீசில் குச்சி அடுக்கும் வேலை பார்ப்பவள், வாய்க்குப் பயந்து கணக்குப்பிள்ளையே அவளிடம் மெதுவாகப் பேசுவார்.

மனு வந்த அன்றே பாக்கியசாமி தானே போய்க் கொத்தனாரைக் கண்டுபிடித்தார். பின்பக்கச் சுவர் மறுநாள் எழும்பியது. ஸ்டெல்லாமேரி அடுக்களை ஜன்னல் வழியாக ஒவ்வொரு கல்லும் ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சுவர் முடிந்ததும் கொத்தனாருக்குக் காபி கொடுத்தாள்.

இரண்டு தரப்பும் பேசி முடிந்தது. சாட்சி விசாரணை முடிந்தது என்று அறிவித்துத் தீர்ப்பை ஒத்தி வைத்தார். யாருக்கும் பாரபட்சம் இல்லாமல், இரண்டு தெருவுக்கும் நட்டநடுவில், வேப்பமரத்து மேட்டில் குழாய் என்று மனதுக்குள் முடிவு செய்திருந்தார். அவர் சொன்னபடி ஓவர்சியர் போய் நாடாப் பிடித்துச் சுண்ணாம்பு அடையாளம் வைத்தார். ஓவர்சியர் ஊருக்குப் புதிது. கேட்டால் மட்டும் பதில் சொல்கிறவர்.

அந்த மேட்டில் தண்ணீர் ஏறாது. தெருவில் உள்ள எல்லோருக்கும் அது தெரியும். அக்தர் பானு அடையாளத்தைப் பார்த்தாள். விசாரணை முடிந்த பிறகு ஆபீசில் யார் போய்ச் சொன்னாலும் கேட்க மாட்டார்கள். அதனால்தான், சுவர் எழும்பிய பிறகு முதல் தடவையாக, தெருவைச் சுற்றிக்கொண்டு கஞ்சி வாளியோடு வந்தாள். சொல்ல வந்ததை ஸ்டெல்லாமேரியிடம் சொல்லிவிட்டுப் போனாள்.

அந்தச் செய்திதான் பாக்கியசாமியின் கைக்கு முன்னால் நின்றுபோனது.

ஸ்டெல்லாமேரி அன்று வாளியைத் திருப்பிக் கொண்டுபோனாள். அக்தர் பானு வாசலில் நின்று வாங்கிக்கொண்டாள். மூடியைத் தொட்டுப் பார்த்தாள், ஒன்றும் கேட்கவில்லை.

"சூடு ஆறிட்டா அக்கா?"

"ஆறிட்டு."

"சரி, போயிட்டு வாங்க."

நெஞ்சு வெடித்துவிடும் போலிருந்தது ஸ்டெல்லாமேரிக்கு. வெடிக்கவில்லை. வீட்டுக்கு வந்து ரசம் வைத்தாள்.

தீர்ப்பு வந்தது. குழாயும் வந்தது. திறப்பு விழாவுக்கு வேப்பமரத்தில் தோரணம் கட்டினார்கள். இரண்டு தெருப் பெண்களும் குடத்தோடு இரண்டு வரிசையில் நின்றார்கள். பாக்கியசாமி குழாயைத் திருகினார். குழாய் இருமியது. கொஞ்சம் காற்று வந்தது. பிறகு துரு வந்தது. பிறகு ஒன்றும் வரவில்லை.

ராமலட்சுமிதான் முதலில் வாயைத் திறந்தாள்.

"தீர்ப்பு நல்லாத்தான் இருக்கு ஜட்ஜய்யா. தண்ணிதான் அப்பீலுக்குப் போயிட்டு போல."

அவர் ஓவர்சியரைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார்.

"ஏன் வரல?"

"மேடு சார்."

"முதல்லயே சொல்லியிருக்கலாமே."

"நீங்க கேக்கல சார்."

குழாயைப் பிடுங்கிப் பள்ளிவாசல் தெருப் பள்ளத்தில் வைக்க ஒரு காலைப்பொழுது போதும். ஆனால் சொன்ன தீர்ப்பைத் தானாகவே மாற்றக் கூடாது, பாதிக்கப்பட்டவர் மறுபரிசீலனை கேட்டு மனுப் போட வேண்டும் என்பது அவர் வாதம். ஆயில் மில் தெரு மனுப் போடவில்லை. போட்டால் குழாய் பள்ளத்துக்குத்தான் இறங்கும். நமக்கு இல்லாவிட்டாலும் அவர்களுக்கும் இல்லை என்ற நிம்மதியில் அந்தத் தெரு இருந்தது. பள்ளிவாசல் தெருவும் போடவில்லை. அக்தர் பானு ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாளாம்.

"கஞ்சியத் திருப்பி அனுப்புனவியகிட்ட மனுவ வேற கொண்டுபோயி நிக்கணுமாக்கும்?"

குடங்கள் மட்டும் பழக்கத்துக்கு அந்தக் குழாயடியில் வரிசையாக இருந்தன. பாக்கியசாமி தினமும் காலையில் அந்தப் பக்கம் நடந்துபோய், குடங்களைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார்.

ஆடி மாதம் ஒரு திங்கட்கிழமை. மனு வாங்கும் நாள். வராந்தாவில் ஆறுமுகசாமி அடுத்த பெயரைக் கூவ வாயைத் திறந்தவர், தாளைப் பார்த்ததும் மூடிக்கொண்டார். உள்ளே எட்டிப் பார்த்தார்.

"ஐயா, அடுத்து வந்து... நம்ம..."

"பேரக் கூப்பிடும்."

"ஸ்டெல்லாமேரி... ஸ்டெல்லாமேரி... ஸ்டெல்லாமேரி..."

மூன்றாவது தடவை அவர் குரல் உள்ளே போய்விட்டது. பெஞ்சில் ராமலட்சுமிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஸ்டெல்லாமேரி எழுந்து உள்ளே போனாள். பெஞ்சில் இருந்த அத்தனை பேரும் கூடவே எழுந்து வாசலை அடைத்தார்கள்.

பாக்கியசாமி கண்ணாடியைப் போட்டுக்கொண்டார்.

"சொல்லுங்க."

"குழாய்த் தீர்ப்ப மாத்தணும். மேட்டுல தண்ணி ஏறாது."

"இத ஏன் முன்னமே சொல்லல?"

"சொல்ல வந்தேன். கையத் தூக்கிட்டீங்க."

வாசலில் யாரோ இருமினார்கள். குமாஸ்தா எழுதுவதை நிறுத்திவிட்டுப் பேனாவை உதறினார்.

"நீங்க ரெண்டு தெருவிலயும் இல்ல. உங்க வீட்டுக்குத் தனிக் குழாய் இருக்கு. இதுல உங்களுக்கு என்ன பாதிப்பு?"

அந்தக் கேள்வியை அவர் சட்டப்படிதான் கேட்டார். எந்த மனுதாரரிடமும் கேட்பார். ஸ்டெல்லாமேரி மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"எனக்கு ஒரே ஒரு சிநேகிதிதான். அவ இப்ப வாரதில்ல."

மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. பாக்கியசாமி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துப் போட்டுக்கொண்டு, மறுபடியும் கழற்றினார். பிறகு குமாஸ்தாவைப் பார்த்துச் சொல்ல ஆரம்பித்தார்.

"எழுதும். மனுதாரர் என் மனைவி. மனு ஏற்கப்பட்டால் பயனடைபவர்களில் ஒருவர் என் மனைவியின் சிநேகிதி. ஆகையால் இந்த மனுவை நான் விசாரிப்பது முறையாகாது. துணைத் தலைவரின் முடிவுக்கு அனுப்பப்படுகிறது."

எழுதி முடிந்ததும் கையெழுத்துப் போட்டார். எழுந்து வெளியே போய் வராந்தா பெஞ்சில், மனுதாரர்களுக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டார்.

துணைத் தலைவர் கிருஷ்ணராஜ்தான். பருத்திக்கு விலை சொல்வதைத் தவிர வேறு முடிவு எதுவும் அதுவரை எடுத்ததில்லை. நாற்காலியில் பாதிதான் உட்கார்ந்தார்.

"தண்ணி எங்கன வருதோ அங்கன போடுங்கப்பா. ஆயில் மில் தெருக்காரவிய இறங்கி வரணும்லா, அவியளுக்கு முத முறை. அம்புட்டுதான்."

"காரணம் எழுதணும் சார்" என்றார் குமாஸ்தா.

"தாகம்னு எழுதும்."

குழாய் பள்ளத்துக்கு இறங்கியது. தண்ணீர் வந்தது. கஞ்சிக்குக் குழாய் கொடுத்த தலைவர் என்று ஊரில் ஒரு பேச்சு கிளம்பியது. திருப்பி அனுப்பிய கஞ்சிக்கு யாராவது குழாய் கொடுப்பார்களா என்று ராமலட்சுமிதான் தீப்பெட்டி ஆபீசில் பதில் சொன்னாளாம். பாக்கியசாமி தன் காலம் முழுவதையும் முடித்தார். பஸ் நிலையத்தில் ஒரு நிழற்குடை, இரண்டு தெருவுக்கு விளக்கு, வேறு பெரிதாக ஒன்றுமில்லை. ஊர் அவரை ஒரு நாளும் சேர்மன் என்று கூப்பிடவில்லை. கடைசிவரை ஜட்ஜய்யாதான்.

ஆனால் குழாய் இறங்கிய பிறகும் அக்தர் பானு வரவில்லை. ஆவணி போனது, புரட்டாசி போனது. தலைவர் வீட்டுக்கு ஆட்கள் வந்தார்கள், போனார்கள். ஸ்டெல்லாமேரி ஒவ்வொரு தடவையும் அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனாள். தானாகப் போகலாம். எந்த முகத்தோடு போவது? திருப்பிக் கொடுத்தவள் அவள்தானே.

ஐப்பசி மழையில் ஒரு பிற்பகல் கதவு தட்டும் சத்தம் கேட்டது. பாக்கியசாமி கதவை இழுத்தார். வரவில்லை. காலை நிலையில் ஊன்றி இழுத்தார். திறந்த கதவுக்கு வெளியே அக்தர் பானு குடையை மடக்கிக்கொண்டு நின்றாள். கையில் ஒரு தூக்குவாளி மூடி.

"வாங்க" என்றார். அந்த வார்த்தையை அவர் வாசலில் நின்று சொல்லி ஊரில் யாரும் கேட்டதில்லை.

அவள் முன்னறை நாற்காலியின் ஓரத்தில் உட்கார்ந்தாள். அவர் உள்ளே போனார். அடுக்களையில் செம்பு ஒன்று தரையில் விழுந்து உருளும் சத்தம் கேட்டது. அவரே ஒரு தம்ளரில் தண்ணீர் கொண்டுவந்தார். தம்ளர் நிறைய இருந்ததால் மெதுவாக நடந்தார். அவள் குடித்து முடிக்கும்வரை நின்றார்.

"உத்தரவுக்கு நன்றி சொல்ல வந்திருந்தீங்கன்னா, அது வேண்டாம்."

"நன்றி சொல்ல வரல ஜட்ஜய்யா. குழாய் போட்டது கிருஷ்ணராஜ் அண்ணாச்சில்லா? எங்க மூடி உங்க வீட்டுல கெடக்கு. அத வாங்கிட்டுப் போக வந்தேன்."

ஸ்டெல்லாமேரி நிலைப்படியில் நின்றாள். முந்தானையில் கையைத் துடைத்தபடியே இருந்தாள், கை காய்ந்த பிறகும்.

"அன்னைக்குக் கஞ்சியத் திருப்பித் தாரப்ப மூடிய மாத்திப் போட்டுக் குடுத்தியளே அக்கா, தெரிஞ்சுதானே?"

"தெரிஞ்சுதான்."

"நானும் தெரிஞ்சுதான் வாங்கிட்டுப் போனேன். நீங்களா கேட்டு வருவீகன்னு இருந்தேன்."

"நீ கேட்டு வருவேன்னு நான் இருந்தேன்."

"ரெண்டு பேருக்கும் நல்ல புத்தி."

பாக்கியசாமி ஜன்னலுக்கு வெளியே மழையைப் பார்த்தார்.

"எனக்கும் தெரியும்" என்றார். "கோடையில இருந்து அந்த மூடி முனகிட்டுத்தான் இருக்கு."

இரண்டு பெண்களும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். வேற்றுப் பொருள் ஒன்று வீட்டில் இருப்பது தெரிந்தும் அவர் கையைத் தூக்காமல் இருந்தது அதுதான் முதல் தடவை. 

ஸ்டெல்லாமேரி உள்ளே போய் அந்த மூடியை எடுத்துவந்து முக்காலியில், அக்தர் பானு கொண்டுவந்த மூடிக்குப் பக்கத்தில் வைத்தாள். பிறகு இருவரும் பேசினார்கள். பிச்சை முகம்மதுவின் மூட்டுவலி, சுவரில் புதிதாக விழுந்திருக்கும் விரிசல், மூத்த கோழி செத்துப்போனது. கொத்தனார் கட்டிய சுவர் இந்த மழைக்கு நிற்காது என்று அக்தர் பானு சொன்னாள். நிற்காது என்றுதான் தோன்றுகிறது என்று ஸ்டெல்லாமேரியும் சொன்னாள். பாக்கியசாமி ஃபைலைத் திறந்து வைத்துக்கொண்டு அதே தாளையே படித்துக்கொண்டிருந்தார்.

மழை விட்டதும் அக்தர் பானு எழுந்தாள்.

"வாரேன் அக்கா. வாரேன் ஜட்ஜய்யா."

குடையை எடுத்துக்கொண்டு படியிறங்கினாள். பாக்கியசாமி கதவருகே போய் நின்றார். முக்காலியில் இரண்டு மூடியும் வைத்த இடத்திலேயே இருந்தன. அவர் வாயைத் திறந்தார்.

ஸ்டெல்லாமேரி வலது கையைத் தூக்கினாள். உள்ளங்கை முழுதாகத் தெரியும்படி, தோள் உயரத்துக்கு.

அவர் வாயை மூடிக்கொண்டார். அக்தர் பானு சேறு மிதிக்காமல் ஓரமாக நடந்து, தெருமுனையில் திரும்பி மறையும்வரை நின்றார். அதன் பிறகு தோளைக் கொடுத்து முட்டிக் கதவைச் சாத்தினார்.